எல்லா வரியும் சரி, விடை மட்டும் தப்பு: நீக்கல் முறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

வினா சாதாரணமானது. மூன்று மாறிகள், மூன்று நேரிய சமன்பாடுகள். நீக்கல் முறையில், அதாவது சமன்பாடுகளைக் கூட்டியும் கழித்தும் மாறிகளை ஒவ்வொன்றாக விலக்கி, தீர்க்க வேண்டும்.

ப + ம + வ = 6 … (1)
2ப − ம + வ = 3 … (2)
ப + 2ம − வ = 2 … (3)

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த விடை: ப = 1, ம = 2, வ = 3. ஒரே ஒரு தீர்வு. என்னிடம் பாடம் கேட்கும் மேல்நிலை வகுப்பு மாணவி ஒருத்திக்கோ இதே கணக்கில் எண்ணற்ற தீர்வுகள் வந்திருந்தன. நோட்டைப் பார்த்தேன். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. குறிகள் எங்கும் மாறவில்லை. கடைசியில் விடையைப் பிரதியிட்டுச் சரிபார்த்தும் இருந்தாள், அதுவும் பொருந்தியிருந்தது. "எந்த வரி தப்பு என்று மட்டும் சொல்லுங்கள் சார்" என்பதுதான் அவள் கேட்டது.

தப்பான வரி என்று ஒன்றுமே இல்லை. அதனால்தான் இந்தக் கணக்கை முழுசாக எழுதி வைக்கத் தோன்றியது. நீக்கல் முறை உண்மையில் என்ன செய்கிறது என்பதை, சரியாகப் போட்ட பத்துக் கணக்குகளைவிட இது நன்றாகக் காட்டுகிறது.

அவள் செய்தது

மூன்று சமன்பாடுகளிலும் கெழுக்கள் (மாறிகளோடு பெருக்கி நிற்கும் எண்கள்) சிறியவை. பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம், நேராகக் கழித்தாலே மாறிகள் விலகும் என்று பார்த்திருக்கிறாள். ஒரே அம்புக்குறியின் மேல் மூன்று செயல்களையும் எழுதினாள்: (1) → (1) − (2), (2) → (2) − (3), (3) → (3) − (1). (1) → (1) − (2) என்றால் (1)-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் (1) − (2)-ஐ வைப்பது. கிடைத்தவை இவை:

−ப + 2ம = 3 … (4)
ப − 3ம + 2வ = 1 … (5)
ம − 2வ = −4 … (6)

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. (4)-இல் வ போய்விட்டது, (6)-இல் ப போய்விட்டது. அப்புறம் ம = த என்று வைத்துக்கொண்டாள். (4)-இலிருந்து ப = 2த − 3. (6)-இலிருந்து வ = (த + 4)/2. இரண்டையும் (5)-இல் போட்டால்:

(2த − 3) − 3த + (த + 4) = 1

த முழுவதும் அடிபட்டு 1 = 1 என்று நிற்கிறது. அதாவது 0 = 0. "எனவே எண்ணற்ற தீர்வுகள்" என்று எழுதி, தீர்வை (2த − 3, த, (த + 4)/2) என்று முடித்துவிட்டாள்.

சரிபார்க்க த = 2 எடுத்தாள். பின்னம் வராமலிருக்க இரட்டை எண் வேண்டும், பூஜ்யம் எடுத்தால் சோதனை மாதிரியே இருக்காது என்ற எண்ணம். த = 2 என்றால் (1, 2, 3). முதல் சமன்பாடு 6, இரண்டாவது 3, மூன்றாவது 2. மூன்றும் பொருந்திவிட்டன. அதன்பிறகு புத்தகத்தின் விடையைப் பார்த்தபோது, புத்தகம் தன் தீர்வுகளில் ஒன்றை மட்டும் அச்சிட்டிருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். அவள் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பூஜ்யத்தைப் போட்டுப் பார்த்தால்

த = 0 என்று வைத்தால் (−3, 0, 2). இதை மூலச் சமன்பாடுகளில் போடுவோம். முதலாவதில் −1 வருகிறது, வர வேண்டியது 6. இரண்டாவதில் −4, வர வேண்டியது 3. மூன்றாவதில் −5, வர வேண்டியது 2. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆனால் எவ்வளவு தவறுகிறது என்று பாருங்கள்: முதலாவதில் 7 குறைவு, இரண்டாவதில் 7 குறைவு, மூன்றாவதிலும் அதே 7 குறைவு.

த = 4 எடுத்தால் (5, 4, 4). மூன்று சமன்பாடுகளிலும் கிடைப்பவை 13, 10, 9. வர வேண்டியவை 6, 3, 2. இப்போது மூன்றிலும் 7 அதிகம்.

இது தற்செயல் இல்லை. (4), (5), (6) மூன்றுமே வித்தியாசங்கள். ஒரு புள்ளி அவற்றை நிறைவு செய்கிறது என்றால், மூலச் சமன்பாடுகள் மூன்றும் அந்தப் புள்ளியில் ஒரே அளவுக்குத் தவறுகின்றன என்று மட்டும்தான் பொருள். அந்த அளவு பூஜ்யமா இல்லையா என்பதைப் பற்றி இந்த மூன்று வரிகளும் ஒன்றும் சொல்வதில்லை. பொதுவாக எழுதினால் அந்தத் தவறும் அளவு 3.5 × (த − 2). த = 2 ஆகும்போது மட்டும் அது பூஜ்யம். அவள் சோதனைக்கு எடுத்த எண்ணும் அந்த 2 தான்.

அவள் இழந்தது என்ன என்பது இப்போது துல்லியமாகத் தெரிகிறது. மூன்று சமன்பாடுகளில் மூன்று செய்திகள் இருந்தன. வித்தியாசங்களுக்கு மாறியபோது இரண்டு செய்திகள் தங்கின, ஒன்று போய்விட்டது. (4), (5), (6) மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: இடப்பக்கம் 0, வலப்பக்கம் 3 + 1 − 4 = 0. மூன்றாவது வரி, முதல் இரண்டையும் கூட்டிக் குறி மாற்றியதுதான். புதிதாக எதையும் அது கொண்டுவரவில்லை. கடைசியில் வந்த 0 = 0 கணக்கின் இயல்பிலிருந்து வந்ததல்ல, அவள் கழித்த விதத்திலிருந்து வந்தது. இந்த மூன்று கழித்தல்களையும் எந்த மூன்று சமன்பாடுகளுக்குச் செய்தாலும் 0 = 0 வந்தே தீரும்.

சரிசெய்வதும் எளிதுதான். மூலச் சமன்பாடுகளில் ஏதாவது ஒன்றைத் திரும்பக் கூப்பிட்டால் போதும். (1)-இல் அவளுடைய பொதுத் தீர்வைப் போட்டால் 3.5த − 1 = 6, எனவே த = 2. அவள் செய்த வேலை எதுவும் வீணாகவில்லை. ஒரு வரிதான் விட்டுப்போயிருந்தது.

உண்மையான வரியும் போதுமான வரியும்

(1), (2), (3) உண்மை என்றால் (4), (5), (6) உண்மை. இதில் சந்தேகமே இல்லை, அதனால்தான் எந்த வரியையும் தப்பு என்று சுட்டிக்காட்ட முடியவில்லை. ஆனால் நீக்கல் முறைக்கு இந்த ஒருவழிப் பாதை போதாது. (4), (5), (6) உண்மை என்றால் (1), (2), (3) உண்மையாக வேண்டும் என்பதும் வேண்டும். பழைய சமன்பாடுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை அந்த இடத்தில் வைக்கிறோம். புதியவற்றிலிருந்து பழையவற்றைத் திரும்ப வருவிக்க முடிந்தால்தான் இரண்டு தொகுப்புகளுக்கும் தீர்வுகள் ஒன்றாக இருக்கும்.

"மாறியை நீக்குவது" என்று பாடம் தொடங்குவதால், மாறி போனால் வேலை முடிந்தது என்ற எண்ணம் மாணவர்களுக்கு வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், மாறி விலகுவது இந்த முறையின் பாதிதான். தீர்வுகள் கூடாமலும் குறையாமலும் அது விலகுவதுதான் மறுபாதி. அந்த மறுபாதிக்காகத்தான் தொடக்கநிலை நிரைச் செயல்கள் (நிரை என்பது இங்கே ஒரு சமன்பாட்டின் வரி) மூன்றே மூன்று என்று பாடத்தில் வரையறுத்திருக்கிறார்கள்: இரண்டு நிரைகளை இடம் மாற்றலாம், ஒரு நிரையைப் பூஜ்யமல்லாத எண்ணால் பெருக்கலாம், ஒரு நிரையுடன் வேறொரு நிரையின் மடங்கைக் கூட்டலாம். மூன்றுமே திரும்பி வரக்கூடியவை. பூஜ்யத்தால் பெருக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். பெருக்கினால் 0 = 0 என்ற உண்மையான வரி வரும், ஆனால் அதிலிருந்து பழைய வரிக்கு வழி கிடையாது.

அம்புக்குறிக்குள் ஒளிந்திருந்தது

அப்படியானால் (1) → (1) − (2) என்பது அனுமதிக்கப்பட்ட செயல்தானே? ஆம். (2) → (2) − (3)? அதுவும்தான். (3) → (3) − (1)? அதுவும் சரி. மூன்றும் தனித்தனியே சரியாக இருந்தும் சேர்த்துச் செய்தபோது எப்படித் தப்பானது?

விஷயம் மூன்றாவது செயலில் உள்ள (1)-இல் இருக்கிறது. அது எந்த (1)? ஒன்றன்பின் ஒன்றாகச் செய்திருந்தால், மூன்றாவது செயலுக்கு வரும்போது (1) என்பது ஏற்கெனவே மாறிவிட்டிருக்கும். அது −ப + 2ம = 3 ஆகியிருக்கும். அதை (3)-இலிருந்து கழித்தால்:

2ப − வ = −1

இப்போது தொகுப்பு: −ப + 2ம = 3; ப − 3ம + 2வ = 1; 2ப − வ = −1. கடைசியிலிருந்து வ = 2ப + 1. நடுவில் போட்டால் 5ப − 3ம = −1. முதலாவதிலிருந்து ப = 2ம − 3 என்று எடுத்து இதில் போட்டால் 7ம = 14. ம = 2, ப = 1, வ = 3. சரியான, ஒரே தீர்வு.

அவள் எழுதிய அதே மூன்று செயல்கள், அதே வரிசை. வித்தியாசம் ஒன்றே ஒன்று: கடைசிக் கழித்தலில் பழைய (1)-ஐ எடுப்பதா, புதிய (1)-ஐ எடுப்பதா. புதியதை எடுத்தால் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு பின்னோக்கி வரலாம். புதிய மூன்றாவதுடன் புதிய முதலாவதைக் கூட்டினால் பழைய (3), அதை இரண்டாவதுடன் கூட்டினால் பழைய (2), அதை முதலாவதுடன் கூட்டினால் பழைய (1). பழையதை எடுத்தால் எந்தப் பக்கமிருந்தும் அவிழ்க்க முடியாது.

அணி தெரிந்தவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஒரேசமயத்தில் செய்தால், தொகுப்பின் இடப்பக்கம் பெருக்கப்படும் அணியின் நிரைகள் (1, −1, 0), (0, 1, −1), (−1, 0, 1). அதன் அணிக்கோவை 0, அதாவது திரும்பி வர வழி இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் கடைசி நிரை (−1, 1, 1) ஆகும், அணிக்கோவை 1, திரும்பி வரலாம்.

இந்தப் பழக்கம் ஏன் இதற்கு முன் அவளை மாட்டிவிடவில்லை என்பதையும் கேட்க வேண்டும். புத்தகங்களில் வழக்கமாக வரும் படி (2) → (2) − 2(1), (3) → (3) − (1) என்ற வகையைச் சேர்ந்தது. இதில் (1) கைபடாமல் அப்படியே இருக்கிறது. எனவே இரண்டையும் சேர்த்துச் செய்தாலும் அடுத்தடுத்துச் செய்தாலும் விடை ஒன்றுதான். ஒரே அம்புக்குறியின் மேல் இரண்டு செயல்களை எழுதும் வழக்கம் அங்கே எந்தத் தீங்கும் செய்வதில்லை. வருடக்கணக்கில் அப்படியே எழுதிப் பழகிய கை, எல்லா நிரைகளும் மாறும் ஒரு படியிலும் அதையே செய்கிறது.

"சேர்த்துச் செய்தாலே தப்பு" என்று மாணவர்களிடம் சொல்லிவிடவும் எனக்கு மனமில்லை, ஏனென்றால் அது உண்மை இல்லை. கழித்தலுக்குப் பதில் கூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள்: (1) + (2), (2) + (3), (3) + (1). முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டி இரண்டாவதைக் கழித்தால் 2 × (1) திரும்பக் கிடைக்கிறது, மற்றவையும் அப்படியே. எனவே இது பாதுகாப்பானது. ஆனால் நான்கு சமன்பாடுகளில் இதே சுற்றைச் செய்தால், (1) + (2), (2) + (3), (3) + (4), (4) + (1), முதலும் மூன்றும் சேர்ந்தது இரண்டும் நான்கும் சேர்ந்ததற்குச் சமம். ஒரு செய்தி அங்கே தொலைந்துவிடுகிறது. மூன்றுக்குச் சரியாக வந்தது நான்குக்கு வருவதில்லை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத இடம் இது, திரும்பி வர முடிகிறதா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும்.

தீர்வே இல்லாத கணக்கில்

மாணவியின் கணக்கில் உண்மையான தீர்வு அவள் எழுதிய தீர்வுகளின் கூட்டத்துக்குள் இருந்தது. மூன்றாவது சமன்பாட்டை மட்டும் ப − 2ம = −2 என்று மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். (2)-இலிருந்து (1)-ஐக் கழித்தால் ப − 2ம = −3. மூன்றாவது அதையே −2 என்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண், தொகுப்பு ஒருங்கமைவற்றது, தீர்வே கிடையாது.

இதற்கு அதே மூன்று கழித்தல்களைச் செய்தால் −ப + 2ம = 3, ப + ம + வ = 5, −3ம − வ = −8. முரண்பாடு மறைந்துவிட்டது! தீர்வு (2த − 3, த, 8 − 3த) என்று அழகாக வருகிறது. த எதுவானாலும் மூலச் சமன்பாடுகள் மூன்றிலும் 1 குறைகிறது. முதல் சமன்பாடு 6 கேட்கும் இடத்தில் 5 வந்து நிற்கிறது. தீர்வு இல்லாத இடத்தில் எண்ணற்ற தீர்வுகள்.

குச்சிகளை வைத்துக் கணக்கிட்டவர்கள்

இந்த முறைக்கு ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாலும், அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீனாவில் இது முழு வடிவில் இருந்தது. 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற பழைய சீனக் கணித நூலின் எட்டாவது அத்தியாயம் முழுக்க இதுதான். அந்த நூலுக்குச் சீனக் கணிதவியலாளர் லியூ ஹுய் கி.பி. 263-ஆம் ஆண்டில் உரை எழுதினார். அந்த அத்தியாயத்தின் முதல் கணக்கு மூன்று தரத் தானியக் கதிர்க்கட்டுகளைப் பற்றியது. இன்றைய குறியீட்டில் 3ப + 2ம + வ = 39, 2ப + 3ம + வ = 34, ப + 2ம + 3வ = 26.

எண்களைக் குச்சிகளால் பலகையில் செங்குத்து வரிசைகளாக அடுக்குவார்கள். வலது வரிசையில் 3, 2, 1, 39. நடு வரிசையை 3-ஆல் பெருக்கி, வலது வரிசையை இரண்டு முறை கழித்தால் 0, 5, 1, 24. இடது வரிசையை 3-ஆல் பெருக்கி ஒருமுறை கழித்தால் 0, 4, 8, 39. பிறகு இடதை 5-ஆல் பெருக்கி, நடு வரிசையை நான்கு முறை கழித்தால் 0, 0, 36, 99. எனவே வ = 99/36, அதாவது 2¾. மேலே ஏறிவந்தால் ம = 4¼, ப = 9¼.

இங்கே நமக்கு வேண்டியது விடை இல்லை, பலகை. கழித்தவுடன் பழைய குச்சிகள் எடுபட்டுப் புதியவை அந்த இடத்தில் அமர்ந்துவிடும். பழைய வரிசை பலகையில் எங்கும் இல்லை. "எந்த (1)?" என்ற கேள்வியே அங்கே எழாது. எழுதியது அழியாமல் மேலேயே நிற்கும் காகிதத்தில்தான், மாறிவிட்ட ஒரு வரியின் பழைய வடிவத்தைக் கண் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

0 = 0 என்ற வரியை எப்படி வாசிப்பது

"0 = 0 வந்தால் எண்ணற்ற தீர்வுகள்" என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 0 = 0 சொல்வது ஒரு வரியில் புதுச் செய்தி இல்லை என்பதை மட்டுமே. மூன்று மாறிகளுக்கு நான்கு சமன்பாடுகள் இருந்து ஒன்று 0 = 0 ஆனால், மிச்சமுள்ள மூன்றும் ஒரே தீர்வைத் தரலாம். ஒரு வரி 0 = 0 ஆகவும் இன்னொரு வரி 0 = 1 ஆகவும் வரலாம், அப்போது தீர்வே இல்லை. முரண்பாடு இல்லை என்று உறுதியானபின் பூஜ்யமல்லாத வரிகள் எத்தனை, மாறிகள் எத்தனை என்று எண்ணித்தான் முடிவுக்கு வர வேண்டும். அணித்தரம் என்று பின்னால் படிப்பது இந்த எண்ணிக்கையைத்தான்.

மதிப்பு குறிப்பிடாத மாறிலி உள்ள கணக்குகளிலும் இதே பள்ளம் இருக்கிறது. ப + ம = 2, ரப + ம = 3 என்று இருக்கட்டும். பலர் (1) → ர(1) − (2) என்று செய்வார்கள். ர பூஜ்யமாக இருந்தால் அந்தப் படி (1)-ஐத் தூக்கி எறிந்துவிட்டு (2)-ஐயே குறி மாற்றி இன்னொரு முறை எழுதுகிறது. ம = 3 என்பது மட்டும் மிஞ்சும், ப எதுவாகவும் இருக்கலாம் என்று தோன்றும். உண்மையில் ப = −1. மாற்றப்படும் வரியின் கெழு பூஜ்யமாகக் கூடாது என்பதை நினைவில் வைத்தால் போதும். ர பூஜ்யமாகும் நிலையைத் தனியாகப் பார்த்துவிட வேண்டும்.

சரிபார்ப்பதற்கும் ஒரு வார்த்தை. த போல எந்த மதிப்பும் எடுக்கக்கூடிய ஓர் எழுத்தைக் கொண்ட இந்தப் பொதுத் தீர்வு, முப்பரிமாண வெளியில் ஒரு நேர்கோடு. ஒவ்வொரு சமன்பாடும் ஒரு தளம். கோட்டின் ஒரு புள்ளி தளத்தில் இருந்தால், கோடு தளத்தைக் குத்திக்கொண்டு போகிறது என்றும் இருக்கலாம். இரண்டு புள்ளிகள் தளத்தில் இருந்தால் கோடு முழுவதும் தளத்துக்குள்தான். ஆகவே த-வுக்கு இரண்டு வெவ்வேறு மதிப்புகள் கொடுத்து மூலச் சமன்பாடுகள் எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தால், பொதுத் தீர்வில் உள்ளவை எல்லாமே தீர்வுகள் என்பது நிரூபணமாகிவிடும்.

இதையெல்லாம் பேசியபின் அவளுக்கு ஒரு கணக்கு கொடுத்தேன். முதல் இரண்டு சமன்பாடுகளும் அதேதான், மூன்றாவது ப − 2ம = −3. இந்தமுறை (1)-ஐத் தொடாமல் வைத்துக்கொண்டாள். (2) − 2(1) செய்து −3ம − வ = −9. (3) − (1) செய்து மறுபடியும் −3ம − வ = −9. கழித்தால் 0 = 0. உடனே முடிவெழுதவில்லை. பூஜ்யமல்லாத வரிகள் இரண்டு, மாறிகள் மூன்று என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு, தீர்வை (2த − 3, த, 9 − 3த) என்று எழுதினாள். த = 0 போட்டாள்: (−3, 0, 9), மூன்றிலும் பொருந்தியது. த = 1 போட்டாள்: (−1, 1, 6), அதுவும் பொருந்தியது. அதன்பிறகுதான் "எண்ணற்ற தீர்வுகள்" என்று எழுதினாள்.